அன்கன்ஃபார்மிட்டிக்கு 'விடுபாட்டுப் பரப்பு' சரியா வருமா?

அண்ணாச்சி, நீங்க அனுப்புன நிலவியல் கலைச்சொல் பட்டியல்ல அன்கன்ஃபார்மிட்டிக்கு, அதாவது நடுவுல ஒரு காலத்துப் படிவே இல்லாம பழைய பாறை மேல புதுப் படிவு உக்காந்திருக்க எல்லைக்கு, 'இசைவின்மை'ன்னு போட்டிருக்கீங்க, எனக்கு அது ஒத்துவரல. அதப் படிக்கிற பிள்ளைங்க மேலடுக்கும் கீழடுக்கும் கோணம் மாறி நிக்கணும்னுதான் நெனைக்கும்.

ஸ்காட்லாந்து சிக்கர் பாயிண்ட்ல 1788ல நிலவியல் அறிஞர் ஜேம்ஸ் ஹட்டன் படகுல போய்ப் பாத்தது அப்படித்தான், கீழ உள்ள அடுக்கு கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கும், அதுக்கு மேல சிவப்பு மணற்கல் லேசா சாஞ்சு கெடக்கும், நடுவுல ஏறக்குறைய 6.5 கோடி வருசத்தக் காணோம். ஆனா அமெரிக்காவுல கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குல முவாவ் சுண்ணாம்புக்கல்லு மேல ரெட்வால் சுண்ணாம்புக்கல் பல இடத்துல நேரா உக்காந்திருக்கு, ரெண்டும் இணையா படுத்திருக்கதால எட்டநின்னு பாத்தா ஒரே படிவுன்னே தோணும். கீழ உள்ளது கேம்பிரியன் காலத்துது, மேல உள்ளது ரொம்பப் பிந்துன கார்பனிஃபெரஸ் காலத்துது, இடையில வரவேண்டிய ஆர்டோவிசியன், சைலூரியன் காலத்துப் படிவு சுத்தமா இல்ல, 10 கோடி வருசத்துக்கு மேல போயாச்சு! அங்க காட்டிக்குடுக்கது கோணம் இல்ல, ஃபாசில்தான். கீழ ட்ரைலோபைட்ங்கற கேம்பிரியன் காலத்துக் கடல்பூச்சி மாதிரி உயிரி, மேல ஏறுனா கடல் அல்லியும் பவளமும் வேற காலத்துது.

அதனால சொல்லு 'காலம் விட்டுப்போச்சு'ங்கறதத்தான் சொல்லணும். படிவு நின்னுபோயிருக்கலாம், இல்ல நிலம் மேல எழும்பி இருந்த அடுக்கையும் மழையும் ஆறும் அரிச்சிருக்கலாம், ரெண்டுலயும் விடுபாடு விடுபாடுதான்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்துலயே பாருங்க. கடலோரத்துல பூமிக்குள்ள வெந்து உருமாறுன பாறை, 50 கோடி வருசத்துக்கும் மேல பழசு, அதுக்கு மேல மழைத்தண்ணி வரிவரியா அறுத்த செம்மண் மேடு, அது குவாட்டர்னரிங்கற கடைசிக் காலத்துது, அதிகமாப் போனா 26 லட்சம் வருசம். உருமாறுன பாறையில அடுக்குப் படிவே கெடையாது, பெறகு எதோட எது இசையல?

வகைகளும் லேசா வரும்: கோணம் மாறுனா சாய்விடுபாடு, இணையா இருந்தா இணைவிடுபாடு, தீப்பாறை இல்ல உருமாறுன பாறை மேல படிவு வந்தா அடிப்பாறை விடுபாடு.

'பரப்பு'க்குப் பதிலா 'தளம்' வேண்டாம்னு நெனைக்கேன், தளம்னா மட்டமாத் தோணும், அரிச்ச இடம் மேடும் பள்ளமுமா இருக்கும், கூழாங்கல்லும் கெடக்கும், 'பரப்பு'தான் பொருத்தம். நடுவுல விட்டுப்போன ஹயேட்டஸ்ங்கற கால அளவுக்கு 'விடுகாலம்'னு வச்சா ரெண்டும் கலங்காது, சொல்லுங்க, பட்டியல்ல மாத்திரலாமா?