பத்து நாள் தரவும் நிலவின் ஓதமும்: ரேடாருடன் பழகியோர் அனுபவங்கள்

விண்கல் ரேடாரின் தரவுகளை முதன்முதலில் கையாண்டபோது நான் செய்த ஒரு பிழையைப் பகிர்கிறேன். 80 முதல் 100 கி.மீ. உயரத்தில் விண்துகள்கள் எரிந்து விட்டுச்செல்லும் அயனித் தடங்களைக் காற்று இழுத்துச் செல்கிறது. அத்தடங்களில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையின் டாப்ளர் பெயர்ச்சியிலிருந்தே (நகரும் தடத்தில் பட்ட அலையின் அதிர்வெண் மாறுவதிலிருந்தே) காற்றின் வேகத்தைக் கணிக்கிறோம். மணிவாரியாக வரைந்து பார்த்தபோது, கிழக்கு நோக்கிய காற்று ஆறு மணி நேரத்தில் மேற்காகத் திரும்பி, அடுத்த ஆறு மணி நேரத்தில் பழைய திசைக்கே வந்திருந்தது. சூரிய வெப்பத்தை ஓசோனும் நீராவியும் உறிஞ்சுவதால் எழும் அரைநாள் ஓதம் அது; அதாவது, 12 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வரும் வளிமண்டல அலை. தரையருகே சிற்றசைவாக இருப்பது, மேலே காற்றின் அடர்த்தி குறையக் குறைய வீச்சில் பெருகிவிடுகிறது.

உயரமான அடுக்குகளில் உச்சம் முன்னதாகவும் தாழ்ந்தவற்றில் பிந்தியும் வந்ததைக் கண்டு, நேரப் பதிவில்தான் கோளாறு என்று ஒரு நாள் முழுவதும் அதைத் தேடினேன். ஆற்றலை மேலே கொண்டு செல்லும் ஓதத்தின் கட்டம் (அலையின் உச்சம் போன்ற நிலைகள்) கீழ்நோக்கித்தான் இறங்கும் என்பது பாடத்தில் படித்ததுதான். கண்ணால் காணும்போது நம்ப முடியவில்லை.

அந்த உற்சாகத்தில், பத்து நாள் தரவை வைத்துக்கொண்டு நிலவின் ஈர்ப்பால் எழும் 12.42 மணி நேரச் சந்திர ஓதத்தையும் கண்டுவிட்டதாக அறிக்கை எழுதினேன். அதைப் படித்த மூத்த ஆய்வாளர், "எத்தனை நாள் தரவு?" என்று மட்டும் கேட்டார். 12 மணி அலையும் 12.42 மணி அலையும் ஒரு முழுச் சுற்று விலகவே ஏறத்தாழ 14.8 நாள் ஆகும்; பத்து நாளில் இரண்டையும் சரியாகப் பிரித்தறிய முடியாது. இரண்டு மாதத் தரவைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டதில் என் சந்திர ஓதத்தின் பெரும்பகுதி சூரிய ஓதத்தோடு போய்ச் சேர்ந்தது.

மறுமொழி:

எனக்கு இடறியது மாலை நேரம். பூமி தன் பாதையில் முன்னேறும் பக்கம் காலையில் நமக்கு நேராக இருப்பதால் 6 மணியளவில் விண்துகள் தடங்களின் எதிரொலிகள் குவிகின்றன. மாலை 6 மணிக்கு வற்றிவிடுகின்றன, அதுவும் உயர் அடுக்குகளில். அந்த வெற்றிடங்களை நேர்கோட்டால் நிரப்பியதால் ஒருநாள் ஓதத்தின் வீச்சு சிதைந்துபோனது. எதிரொலிகளின் எண்ணிக்கைக்கேற்ப எடை கொடுத்து, மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படி) பொருத்திய பிறகுதான் சீரானது. ஒரே ஒரு எதிரொலியைச் சராசரி என்று நம்பிய இடங்களும் அதில் இருந்தன என்பதைச் சற்றுக் கூச்சத்துடனேயே எழுதுகிறேன்.