ஃபியான்சே விசாவா, கல்யாணம் முடித்து ஸ்பௌஸ் விசாவா? சம்பளம் 29,000 பவுண்டுக்குக் கீழே

தேனிக்காரன்:
வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், போன வருடம்தான் ஐஎல்ஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைத்தது. முதியோர் இல்லம் ஒன்றில் சீனியர் கேரர் வேலை, அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு 27,400 பவுண்டு; மனைவியை அழைத்து வர 29,000 வேண்டும் என்கிறார்கள். ஓவர்டைம் சில மாதம் வரும், சில மாதம் வராது. போன மாதம் ஊரில் நிச்சயதார்த்தம் முடிந்தது, ஆவணியில் கல்யாணம் வைக்கலாம் என்கிறார்கள். பெண் மதுரையில் ஸ்டாஃப் நர்ஸ், பிஎஸ்சி நர்சிங் முடித்து ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதி வைத்திருக்கிறார். ஊரில் ஒரு ஏஜென்ட், "டூரிஸ்ட் விசாவில் கூட்டிப் போய் அங்கேயே பதிவு பண்ணிக்கொள்ளுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நிச்சயமானவர்களுக்கான ஃபியான்சே விசா சீக்கிரம் கிடைக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள். இந்தச் சம்பளத்துக்கு வழி இருக்கிறதா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகை:
தம்பி, அந்த ஏஜென்ட் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். விசிட்டர் விசாவில் வந்தவர் இங்கே இருந்தபடியே ஸ்பௌஸ் விசாவுக்கு மாற முடியாது. இங்கே கல்யாணம் செய்யவே தனியாக மேரேஜ் விசிட்டர் விசா வேண்டும், அதில் வந்தாலும் ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போயாக வேண்டும். சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று பொய் சொல்லி வந்து மாட்டினால் அடுத்த விண்ணப்பத்துக்கும் அது பாதகம்.

ஃபியான்சே விசா என் தங்கை எடுத்தாள், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஆறு மாதம்தான் செல்லும், வேலை செய்யக் கூடாது, வருமான விதியும் அதேதான். கல்யாணம் முடித்து மறுபடி இங்கேயே விண்ணப்பிக்கும்போது கட்டணம் இரண்டாவது தடவை. அந்த ஆறு மாதம் ஐஎல்ஆருக்கான ஐந்து வருடக் கணக்கிலும் சேராது. ஒரு நர்ஸ் வந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம்! ஊரிலேயே கல்யாணம் முடித்து ஸ்பௌஸ் விசா போட்டால் 33 மாதம் கிடைக்கும், வந்ததுமே வேலைக்குப் போகலாம். கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 பவுண்டாக இருந்தது, ஹெல்த் சர்சார்ஜ் (இங்குள்ள அரசு மருத்துவத்துக்கான கட்டணம்) வருடத்துக்கு 1,035 வீதம் மூன்று வருடத்துக்கு 3,105.

சம்பளத்துக்கு வழி இருக்கிறது. உங்களுக்குக் குறைவது 1,600. அதை இரண்டரையால் பெருக்கினால் 4,000, அதோடு 16,000 சேர்த்தால் 20,000 பவுண்டு. இந்தத் தொகை உங்கள் பெயரிலோ அவர் பெயரிலோ ஆறு மாதம் முழுக்க வங்கியில் இருந்தால் போதும். முதல் முறை விண்ணப்பிக்கும்போது அவருடைய ஊர்ச் சம்பளம் கணக்கில் வராது, உங்கள் சம்பளம் மட்டும்தான்.

விசாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்று காட்ட ஓஇடி செல்லாது. பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் படித்ததாக எக்டிஸ் (வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் அமைப்பு) சான்று வாங்குங்கள், இல்லாவிட்டால் ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 என்ற அடிப்படை ஆங்கிலத் தேர்வு எழுதச் சொல்லுங்கள்.

குரோய்டன் சிவம்:
வைகை அக்கா சொன்னது சரி. நான் பட்டதையும் சொல்கிறேன், தம்பி. வருமான வரம்பு 18,600 ஆக இருந்த காலத்தில் விண்ணப்பித்தேன், நிராகரித்துவிட்டார்கள். நான் வேலை செய்த கடையில் பே ஸ்லிப்பில் பிடித்தம் போக மாதம் 1,320 என்று போட்டுவிட்டு வங்கியில் 1,000 மட்டும் போடுவார்கள், மிச்சம் 320 கவரில் கையில் வரும். வரி எல்லாம் முழுக்கக் கட்டியிருந்தும் ஸ்லிப்பும் ஸ்டேட்மென்டும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். வேறு வேலை தேடி மறுபடி ஆறு மாதம் சேர்த்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில் தனியாக, மகள் பிறந்ததைக் கூட போனில்தான் பார்த்தேன். அந்த நாட்களை இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால் இந்த மாதத்திலிருந்தே ஒவ்வொரு ஸ்லிப்பையும் வங்கிக் கணக்கில் வந்த தொகையோடு வைத்துப் பாருங்கள். ஓவர்டைமும் ஆறு மாதச் சராசரி போட்டு கணக்கில் வரும், அதை நம்பி மட்டும் இருக்க வேண்டாம்.

தேனிக்காரன்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. கையில் 14,000 இருக்கிறது. மிச்சம் 6,000 அப்பா தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

வைகை:
வாங்கலாம். கடனாக இருக்கக் கூடாது, திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு என்று அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். இந்த மாதமே கணக்கில் போட்டுவிட்டால் ஆவணிக்குள் ஆறு மாதம் ஆகிவிடும். நடுவில் ஒரு நாள்கூட 20,000-க்குக் கீழே இறங்கக் கூடாது, கல்யாணச் செலவுக்கு அதில் கை வைக்காதீர்கள்.

அப்புறம், கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து சான்றிதழ் வாங்குங்கள். நம்மவர்களுக்கு இனிஷியல்தான் பெரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், சான்றிதழில் வெறும் ஓர் எழுத்து இருக்கும். பதிவின்போதே பாஸ்போர்ட்டில் இருப்பது போல எழுதச் சொல்லுங்கள்.

விசாவுக்குக் கேட்கும் டிபி (காசநோய்) பரிசோதனைச் சான்று ஆறு மாதம்தான் செல்லும், கல்யாணத்துக்குப் பிறகு எடுங்கள். நான் எடுக்கப் போனபோது கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. எக்ஸ்ரே அறையில் கழற்றச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அங்கிருந்த அக்கா கழற்றாமலேயே கயிற்றை மேலே தூக்கித் தாடைக்குக் கீழே பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்தார். உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தேனிக்காரன்:
இப்போதுதான் அவரிடம் பேசினேன். நீங்கள் சொன்ன மாதிரியே பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, ஆதாரில் "மு." மட்டும்தான். நாளைக்கே ஆதாரை மாற்றக் கொடுப்பதாகச் சொன்னார். அப்பா திங்கட்கிழமை பணம் அனுப்புகிறார்.