காயத் தடுப்பு ஆய்வில் கல்விப்பணி: எந்தப் படிப்பு, எந்த முதல் ஆய்வு?

தண்டையார்பேட்டை பிசியோ:
அனைவருக்கும் வணக்கம். இயன்முறை மருத்துவத்தில் இளநிலைப் பட்டம் பெற்று, ஒரு தனியார் மருத்துவமனையில் பணிபுரிகிறேன். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிப் பக்கத்திலும் கன்டெய்னர் லாரியில் மோதிக் கால் நசுங்கிய இரு சக்கர வாகன ஓட்டிகள் என்னிடம் தொடர்ந்து வருகிறார்கள். அவர்களை நடக்க வைப்பதோடு நில்லாமல், இக்காயங்கள் ஏன் அதே சாலைகளில் திரும்பத் திரும்ப நேர்கின்றன என்று ஆராயவும், பின்னாளில் அதையே கற்பிக்கவும் விரும்புகிறேன். எம்.பி.டி. (இயன்முறை மருத்துவ முதுநிலை) முடிப்பதா, எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலை) படிப்பதா? ஓட்டுநர்களிடையே சாலை விதி விழிப்புணர்வு எவ்வளவு என்று வினாப்படிவம் கொடுத்து அளப்பது முதல் ஆய்வுக்குப் பொருந்துமா?

வண்ணை ஆசிரியர்:
எம்.பி.எச். படியுங்கள். எம்.பி.டி. உங்களை மேலும் தேர்ந்த சிகிச்சையாளராக்கும். நீங்கள் கேட்பதோ அடிபடுவதற்கு முந்தைய கேள்வி. காயத் தடுப்பு என்ற பெயரிலேயே பட்டம் தேடி அலைய வேண்டாம், நோய்ப்பரவலியலும் (நோயும் காயமும் யாருக்கு, எங்கே, ஏன் நேர்கின்றன என்று ஆராயும் துறை) புள்ளியியலும் வலுவாகக் கற்பிக்கும் இடமே போதும். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் இப்படிப்பை நடத்துகிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் உண்டு. சேர்க்கைத் தகுதி இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

விழிப்புணர்வு வினாப்படிவத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. அத்தகைய ஆய்வேடுகள் நூலக அலமாரிகளில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. விதி தெரிந்தவரும் அடிபடுகிறார். 1966-இல் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவரான மருத்துவர் வில்லியம் ஹாடன், மோதலுக்கு முன், மோதும் கணம், மோதலுக்குப் பின் என்ற மூன்று கட்டங்களையும், மனிதர், வாகனம், சூழல் ஆகியவற்றையும் ஒரே கட்டத்தாளில் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்திக் காட்டினார். அதில் உங்கள் சாலையை வைத்துப் பாருங்கள். துறைமுக நுழைவுக்காக இரவில் சாலையோரம் நிற்கும் ட்ரெய்லரின் பின்விளக்கு எரிந்ததா, பைக் சக்கரத்துக்கு அடியில் போகாமல் தடுக்கும் பக்கவாட்டுத் தடுப்பு அதில் இருந்ததா, அடிபட்டவர் ஸ்டான்லி மருத்துவமனையை அடைய எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேள்விகள் தாமாகவே வரிசைகட்டி வரும். இவற்றில் ஓட்டுநரின் அறிவைப் பற்றியது ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பதிவேட்டுக்காரன்:
ஆசிரியர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உங்கள் வார்டுக்கு வருபவர்களை மட்டும் எண்ணினால், சாலையிலேயே இறந்தவர்களும் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்களும் கணக்கில் வரமாட்டார்கள். மருத்துவமனையின் ஏ.ஆர். பதிவேட்டையும் (விபத்துப் பதிவேடு) காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கைகளையும் ஒப்பிடுங்கள். முதலாவதில் 150 பேர், இரண்டாவதில் 200 பேர், இரண்டிலும் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். காவல் ஏட்டின் 200 பேரில் பாதிப்பேரைத்தான் மருத்துவமனை ஏடு பிடித்தது என்றால், மொத்தத்திலும் அது பாதியைத்தான் பிடித்திருக்கும்; எனவே 150-ஐ 200-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்க 300 கிடைக்கும். இரண்டு ஏடுகளிலும் சேர்த்து 250 பேர்தான், அதாவது ஏறத்தாழ 50 பேர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் பலத்த காயங்கள் இரண்டு ஏடுகளிலும் இடம்பெறும் வாய்ப்பு அதிகம் என்பதால், உண்மை எண்ணிக்கை இதையும் தாண்டக்கூடும். பெயர் விவரங்களைக் கையாள நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில் தேவை.

தண்டையார்பேட்டை பிசியோ:
இருவருக்கும் மிக்க நன்றி. எம்.பி.பி.எஸ். படிக்காத ஒருவருக்கு ஆசிரியர் பணி கிடைக்குமா? குடும்பப் பொறுப்பு இருப்பதால் வருமானத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வண்ணை ஆசிரியர்:
மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறையில் ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் அத்துறையில் எம்.டி. பெற்றவர்களே, அந்தக் கதவை நம்ப வேண்டாம். எம்.பி.எச். கற்பிக்கும் பள்ளிகளும் ஆய்வு நிறுவனங்களும்தான் உங்களுக்கான இடம், அதற்கு முனைவர் பட்டம் வேண்டும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் சமூக மருத்துவமும் ஒரு பாடம், அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றால் முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். அதன் பிறகும் சில காலம் திட்டப் பணிகளில் ஒப்பந்தத்தின்பேரில்தான் இருக்க நேரிடும் என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். வேலையை உடனே விட வேண்டாம்; உங்கள் மருத்துவமனை நிர்வாகத்திடம் ஏ.ஆர். பதிவேட்டைப் பார்க்க எழுத்துப்பூர்வமாக அனுமதி கேளுங்கள்.