பென்னைன் வே: டஃப்டன் – ஆல்ஸ்டன் நாள்ல காத்தை எப்படிச் சமாளிக்கிறது?

அஸ்தம்பட்டி_நடை:
அடுத்த மே கடைசியில இங்கிலாந்துல பென்னைன் வேங்கற நெடுந்தூர நடைபாதையில நடக்கறேங்க. மொத்தம் 431 கி.மீ. அதுல ஒரு நாள்தான் உறுத்துது: டஃப்டன்ல கிளம்பி, 893 மீட்டர் கிராஸ் ஃபெல் தாண்டி ஆல்ஸ்டன், சுமார் 32 கி.மீ. மரமே இல்லாத மேடு, காத்து அதிகம். இந்த ஆடியில ஏற்காடு சேர்வராயன் கோயில் மேட்டுல மூட்டையோட பழகினா போதுமா? மழைக்குப் பான்ச்சோ (தலைவழியா மாட்டற மழைப்போர்வை) சரியா வருமா?

ஏற்காட்டுப்பாதை:
பழக நல்ல இடங்க. 5,300 அடிக்கு மேல, தட்டையான புல்வெளி, தென்மேற்குக் காத்துக்கு மறைப்பே கிடையாது. ஆனா போற வழியில காபித் தோட்டத்துக்குள்ள நிக்காதீங்க. சில்வர் ஓக் கிளை காத்துல பொசுக்குனு முறியும்.

காத்து வேகம் ரெண்டு மடங்கானா தள்ளற விசை நாலு மடங்கு. அதனால பலத்தைவிட நிக்கற விதத்தைப் பழகுங்க. காத்துப் பக்கம் சாஞ்சே நடந்தா, அது சட்டுனு நின்ன நொடியில அதே பக்கம் விழுவீங்க. சாயாம, காலை அகட்டி, முழங்காலை மடக்கி, ரெண்டு நடைக்கம்பையும் ஊன்றித் தாழ்ந்து நில்லுங்க.

பான்ச்சோ வேண்டவே வேண்டாம், பாய்மரமா விரிஞ்சு இழுத்துட்டுப் போகும். தலைமூடியில நாடா இருக்கற மழைக்கோட்டு எடுங்க. முதுகுப்பை மேல போடற உறையும் பறந்துடும். பைக்குள்ளே தடிமனான பாலிதீன் பை போட்டு வாயை முறுக்கி மடிச்சுடுங்க.

குமரகிரி_72:
ஏற்காட்டுல பழக முடியாதது குளிர். டஃப்டன்ல 10 டிகிரின்னா உச்சியில 5 பக்கம். அதோட மணிக்கு 50 கி.மீ. காத்து சேர்ந்தா தோலுக்கு மைனஸ் 1 மாதிரி. ஏறற வழியில வர்ற கடைசிக் கல்சுவர் மறைவுலயே கோட்டு, கையுறை போட்டுக்குங்க. மேலே போய்ப் பிரிச்சா கைநழுவிப் பறந்துடும். கடலை மிட்டாயைச் சின்னத் துண்டா உடைச்சு, உறையில்லாம கோட்டுப் பையில போடுங்க. விறைச்ச விரல் பொட்டலம் பிரிக்காது.

நேரக் கணக்கு: 5 கி.மீ.க்கு 1 மணி, 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி. சுமார் 1,000 மீட்டர் ஏத்தம் சேர்த்தா 8 மணி நேரம். காத்து நாள்ல 10, 11 வெச்சுக்குங்க. மே கடைசியில 16 மணி நேரத்துக்கு மேல வெளிச்சம் உண்டு, அவசரம் வேண்டாம்.

மேட்டுநடை:
ஹெல்ம் விண்டைத்தான் முக்கியமாப் பார்க்கணும். பிரிட்டன்ல பெயர் வெச்ச ஒரே காத்து அது. வடகிழக்கிலிருந்து வந்து மேற்குச் சரிவுல டஃப்டன் பக்கம் பாயும். நீங்க ஏறும்போது நேரா முகத்துல. மலை முகட்டுல மேகம் தொப்பி மாதிரி படிஞ்சு, கொஞ்சம் தள்ளி அதுக்கு இணையா இன்னொரு மேகப்பட்டை நின்னா அதுதான். வசந்த காலத்துல அதிகம்.

ஊர் வானிலையை நம்பாதீங்க, மலை உச்சிக்கான அறிக்கையில திடீர் வீச்சோட வேகத்தைப் பாருங்க. மணிக்கு 65 கி.மீ. தாண்டினா நடை தடுமாறும். 80ன்னா கிளம்பாதீங்க, டஃப்டன்லயே ஒரு நாள் தங்குங்க.

அஸ்தம்பட்டி_நடை:
மேலே போனப்புறம் காத்து கூடினா?

மேட்டுநடை:
கிராஸ் ஃபெல்லுக்கு முன்னாடி வர்ற கிரேட் டன் ஃபெல் உச்சியில வெள்ளை ரேடார் கோளம் இருக்கு. அங்கிருந்து தார்ச்சாலை நாக் கிராமத்துக்கு இறங்குது. திரும்பறதுன்னா அங்கேயே முடிவெடுங்க. அதுக்கப்புறம்னா கிராஸ் ஃபெல் உச்சியில சிலுவை வடிவக் கல்மறைப்பு. காத்து படாத மூலையில உக்காரலாம். உச்சி தட்டை, பனிமூட்டத்துல பாதை தெரியாது, திசைகாட்டி கையில இருக்கணும். வடக்கே இறங்கி, குறுக்கே வர்ற பழைய பாதையில வலது பக்கம் திரும்பினா கிரெக்ஸ் ஹட்ங்கற ஒதுங்கற குடிசை. கதவு பூட்டியிருக்காது. களைப்பா இருந்தா கேரிகில் கிராமத்துல தங்கிட்டு, ஆல்ஸ்டனுக்கு மிச்ச 6 கி.மீ. ஆத்தோரமா மறுநாள் போங்க.