புதுப்பிப்பு: வெஸ்னாத் கணவாய்க் கட்டம், விளையாடியவர்கள் சொன்னவை

‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ என்ற கணினிப் போர் விளையாட்டுக்கு கோத்தகிரி நண்பர்களோடு சேர்ந்து ஒரு புதுக் கட்டம் செய்திருக்கிறோம், குள்ளர் படை விடியும்வரை எலும்புக்கூடுகளிடமிருந்து கணவாயைக் காக்க வேண்டும் என்று போன இழையில் எழுதியிருந்தேன். விளையாடிவிட்டு இவ்வளவு பேர் விரிவாகச் சொன்னதில் ரொம்ப சந்தோஷம்.

பெரிய வாக்குவாதம் மூடுபனி பற்றித்தான். “எதிரி எங்கேன்னே தெரியல, எடுத்துடுங்க” என்றார்கள் கோவைக்காரர்கள். குன்னூர், ஊட்டி ஆட்கள் ஒருத்தரும் குறை சொல்லவில்லை. மலைக்கணவாய் என்றால் பனி இருக்கத்தான் செய்யும், அது இருக்கட்டும்.

“ராத்திரியில தாக்குப்பிடிக்க முடியல” என்பது அடுத்த புகார். எலும்புக்கூடுகளுக்கு இரவில் 25% பலம் கூடும், குள்ளர்களுக்குக் கூடாது, குறையாது. ஆனால் மலைமேல் நிற்கும் குள்ளர்மீது எதிரியின் அடி படும் வாய்ப்பு 30% தான். கீழே இறங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய ஆட்டப் பதிவுகளில் பலர் கோடரியாலேயே வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். எலும்பில் அது சரியாக ஏறாது. அதே வீரரிடம் சுத்தியலும் இருக்கிறது. தாக்கும்போது அதைத் தேர்ந்தெடுத்த ஒரு தம்பி, கிழக்கு வாசலைக் கடைசிவரை விடவே இல்லை. அருமையான ஆட்டம்!

கனத்த கவச வீரர்களை நகர்த்தவே முடியவில்லை என்ற குறை நியாயம். அவர்களால் மலை ஏறவே முடியாது, ஒரு குன்று ஏறவே ஒரு முறைக்கான நகர்வு முழுக்கப் போய்விடும். தெற்கே சமதளப் பாதை போட்டாச்சு.

புதுப் பதிப்பு ஏற்றியிருக்கிறேன். பழைய சேமிப்பில் இந்த மாற்றம் வராது, கட்டத்தை முதலிலிருந்து தொடங்குங்கள்.