அக்குள் டிசெக்‌ஷன்: லாங் தொராசிக் நரம்பா, தொராக்கோடார்சலா?

கேள்வி: உடற்கூறு வகுப்பில் இறந்த உடலின் அக்குளை அறுத்துப் படிக்கிறோம். அங்கே கொழுப்பை நீக்கியதும் இரண்டு நரம்புகள் கீழ்நோக்கி இறங்குகின்றன. எது எது என்று எப்படிப் பிரிப்பது?

பதில் 1: எந்தத் தசைக்குப் போகிறது என்று பாருங்க. லாங் தொராசிக் (கழுத்துத் தண்டுவட நரம்புகளான சி5, 6, 7-இன் வேர்கள்) அக்குளின் உள்சுவரில், செரேட்டஸ் ஆன்டீரியர் என்ற மார்புப் பக்கவாட்டுத் தசையின் மேற்பரப்பை ஒட்டியே இறங்கும். தொராக்கோடார்சல், கைக்குப் போகும் நரம்புப் பின்னலின் பின்கற்றையான போஸ்டீரியர் கார்டிலிருந்து கிளம்பி, அதே பெயருள்ள தமனியோடு பின்சுவரில் லாட்டிசிமஸ் டார்சி என்ற அகன்ற முதுகுத் தசைக்குள் நுழையும். தமனி கூடவே வருவதுதான் நல்ல அடையாளம்.

பதில் 2: கொழுப்பை வெளிப்பக்கம் இழுத்தால் லாங் தொராசிக்கும் மார்புச்சுவரை விட்டு விலகி வரும், அங்கேதான் தெரியாமல் வெட்டுப்படும். முதலில் விரலால் அதைச் சுவர்ப்பக்கம் ஒதுக்குங்க. உயிருள்ளவரிடம் வெட்டுப்பட்டால் தோள்பட்டை எலும்பு சிறகுபோல் துருத்தும், கையைத் தலைக்கு மேல் தூக்குவது சிரமம்.

பதில் 3: அக்குளில் குறுக்கே ஓடும் நரம்பும் கண்ணில் பட்டால், அது இந்த இரண்டுமில்லை. இரண்டாம் விலா எலும்புக்குக் கீழுள்ள இடைவெளியிலிருந்து வரும் இன்டர்காஸ்டோபிரேக்கியல் என்ற உணர்வு நரம்பு அது. வெட்டினால் மேற்கையின் உட்புறம் மரத்துப்போகும்.