உதவி: ‘பொன்னம்பலம்’ எண்டு தேடினால் எப்பவும் ஒரே ஆளின்ர படம்தான் வருகுது

கப்ஷன்பெடியன்:
யாழ்ப்பாணத்தில ஒரு சின்ன கேபிள் சனல். செய்திக்குப் பெயர்ப்பட்டியும் படமும் போடுறது என்ர வேலை. ஜனவரி 5 அரசியல்வாதி குமார் பொன்னம்பலம் நினைவு நாள். ‘2000ஆம் ஆண்டு வெள்ளவத்தையில் சுட்டுக்கொல்லப்பட்ட’ எண்டு அக்கா வாசிக்க, திரையில தகப்பன் ஜி. ஜி. பொன்னம்பலம் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். செய்தி முடிய முன்னமே போன் அடிக்கத் தொடங்கிட்டுது. குமாரின்ர மகன் கஜேந்திரகுமாரின்ர பேட்டிக்கும் இதே கதைதான்.

குமாரின்ர, கஜேந்திரகுமாரின்ர படங்கள் போல்டருக்குள்ள கண்ணுக்கு முன்னால கிடக்கு. தேடினால்தான் வராது. பட்டியல் எக்செலில இருக்கு. பழசு முழுக்கப் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சு, பிறகு யூனிகோட்டுக்கு மாத்தினது. ஜி. ஜி.யின்ர படங்களை மட்டும் பிறகு ஸ்கான் பண்ணிப் புதுசா ஏத்தினது. சொவ்ட்வெயார் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயரா எடுத்து, முதல்ல அகப்படுற படத்தைத் திரைக்கு அனுப்பிவிடும். என்ன செய்யலாம்?

சுன்னாகத்தான்:
ஆர் படம் சரியெண்டு செய்திக்கு முன்னம் ஒருக்காப் பாத்தால் என்ன தம்பி? 😀

எழுத்துருப்பித்தன்:
பாமினி எண்டு சொன்னவுடனயே விளங்கிட்டுது. ‘பொ’வில இருக்கிற ‘ொ’ கணினிக்குள்ள ரெண்டு விதமாக் கிடக்கலாம். ஒண்டு, ஒரே குறியா ஒட்டினது. மற்றது கொம்பும் காலும் தனித்தனியா நிக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் இல்லை, ஆனால் தேடுற சொவ்ட்வெயாருக்கு அது ரெண்டு வேற சொல். பாமினியை யூனிகோட்டாக்கிற பழைய மாத்திகள் கனக்க உடைச்சுத்தான் தரும். நீங்கள் விசைப்பலகையில அடிச்சுத் தேடேக்க ஒட்டினது போகுது, அதால புதுசா ஏத்தின ஜி. ஜி. மட்டும் அகப்படுறார்.

சோதிச்சுப் பாருங்கோ. எக்செலில அந்தப் பெயரின்ர நீளத்தை எண்ணச் சொல்லுங்கோ. ஒட்டின ‘பொன்னம்பலம்’ 11, உடைஞ்சது 12.

கப்ஷன்பெடியன்:
அண்ணை, பழைய வரிசையெல்லாம் 12! அப்ப கொம்பையும் காலையும் தேடி ஒட்டினதா மாத்திவிடவா? ‘ோ’, ‘ௌ’ எல்லாத்துக்கும்?

எழுத்துருப்பித்தன்:
‘ொ’, ‘ோ’ ரெண்டையும் தாராளமா மாத்துங்கோ. உடைஞ்சதை நீங்களே அடிக்க வெளிக்கிடாதேங்கோ, அடிக்கிறபோதே ஒட்டிப்போடும். பழைய வரிசையில இருந்து கொப்பி பண்ணுங்கோ. ‘ௌ’வை மட்டும் மொத்தமா மாத்தப்படாது. சில மாத்திகள் அதைக் கொம்பும் ‘ள’வுமா வைச்சிருக்கும். அதை நம்பி மாத்தினால் வெள்ளவத்தையில இருக்கிற ‘வெள்’ளும் சேர்ந்து உடையும், பிறகு அதுக்கும் போன் வரும். மாத்த முன்னம் கோப்புக்கு ஒரு கொப்பி எடுத்து வையுங்கோ.

பழையபேப்பர்:
தம்பி, எழுத்துப் பிரச்சினை தீர்ந்தாலும் உங்கள் வில்லங்கம் தீராது. இப்ப மூண்டு பேரும் அகப்படுவினம், சொவ்ட்வெயார் முதலாவதை அனுப்பும். கடைசிச் சொல் குடும்பப் பெயர் எண்ட கணக்கே எங்களுக்குச் சரிவராது. ஜி. ஜி.க்குப் பொன்னம்பலம் அவரின்ர சொந்தப் பெயர். மகனுக்கும் பேரனுக்கும் அதுவே குடும்பப் பெயராப் போச்சுது. சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் அது தகப்பன்ர பெயர், முன்னால நிக்குது. அவையள் வேற குடும்பம். அவையின்ர தமையன் குமாரசுவாமி; தாய்மாமன் முத்துக்குமாரசுவாமி; அந்த மாமன்ர மகன்தான் ஆனந்த குமாரசுவாமி. இந்தக் கூட்டத்தை எந்தச் சொவ்ட்வெயார் பிரிக்கும்?

இனிஷலையும் நம்பாதேங்கோ. குமாரும் ஜி. ஜி. தான். நவரத்தினம் இன்னும் மோசம்: வி. நவரத்தினம் 1963 இடைத்தேர்தலில ஊர்காவற்றுறையில வென்றவர், வி. என். நவரத்தினம் 1956 தொடக்கம் சாவகச்சேரி எம்.பி. ரெண்டு பேரும் தமிழரசுக் கட்சியில, ஒரே காலத்தில பாராளுமன்றத்தில இருந்தவை. சனம் தொகுதியைச் சொல்லித்தான் பிரிச்சுக் கதைச்சது. நீங்களும் அப்பிடியே எழுதுங்கோ.

எழுத்துருப்பித்தன்:
ஐயா சொல்லுறது சரி. எக்செலில ஒரு நிரல் கூட்டி, ஆளுக்கு ஒரு இலக்கம் குடுங்கோ, திரைக்குப் படத்தை அந்த இலக்கத்தால கூப்பிடுங்கோ. பெயர் தேடுறதுக்கு மட்டும் இருக்கட்டும். பக்கத்து நிரலில ஒரு அடையாளம்: ஜி. ஜி.க்கு ‘தமிழ்க் காங்கிரஸ் தலைவர், 1944’, குமாருக்கு ‘சனாதிபதி வேட்பாளர், 1982’, கஜேந்திரகுமாருக்கு ‘எம்.பி., முதல் தெரிவு 2001’.

கப்ஷன்பெடியன்:
‘ொ’, ‘ோ’ மாத்திட்டன், மூண்டு பேரும் வருகினம். இலக்கமும் போடத் தொடங்கிட்டன். பழையபேப்பர் ஐயா, ஒரு சந்தேகம்: திரையில பட்டி அடிக்கேக்க நவரத்தினத்துக்குத் தொகுதி முன்னாலயா, பின்னாலயா?

பழையபேப்பர்:
பெயருக்குக் கீழ, ரெண்டாவது வரியில போடுங்கோ. மேல ‘வி. என். நவரத்தினம்’, கீழ ‘சாவகச்சேரி முன்னாள் எம்.பி.’ முன்னால போட்டால் ஊர்ப் பெயரையும் உங்கள் சொவ்ட்வெயார் ஆளின்ர பெயராக்கிப் போடும்.